கிட்ஹப்புக்கு முன்னால் நிரல்கள் எங்கே இருந்தன?

புதுச்சேரி காலாப்பட்டுப் பக்கம் படிக்கும் பொறியியல் மாணவர் ஒருவர் இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்கும்போது, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நிரல்களை வைக்கும் இணையத் தளமான கிட்ஹப்பின் முகவரி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நிரல் என்றால் அது கிட்ஹப்பில் இருக்கும் என்பது அவரைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லாத செய்தி. ஆனால் கிட்ஹப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2008இல்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் முதல் பதிப்பு 1991இல் வெளியானது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் உலகின் பல நாடுகளிலிருந்த நிரலர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பெரிய மென்பொருள்களைச் சேர்ந்து எழுதினார்கள். அவர்களுடைய நிரல்கள் எங்கே இருந்தன, அந்த இடங்களுக்கு யார் செலவு செய்தார்கள், அவற்றுள் பல ஏன் மறைந்தன என்பதைப் புதிதாக இத்துறைக்குள் வருபவர்களுக்காக விளக்குவதே இக்கட்டுரை.

முதலில் ஒரு திறமூலத் திட்டத்துக்கு என்ன தேவை என்று பார்த்துவிடலாம். மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம் என்று உரிமம் எழுதி வெளியிடப்படும் மென்பொருளே திறமூல மென்பொருள். அதற்குக் கட்டற்ற மென்பொருள் என்ற பெயரையே விரும்புகிறவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர் உண்டு. உரிமம் எழுதிவிட்டால் மட்டும் பலர் சேர்ந்து வேலை செய்துவிட முடியாது. நிரலை வைக்க ஓர் இடமும், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாற்றைக் காக்க ஓர் ஏற்பாடும் வேண்டும். பயனர்கள் நிரலில் கண்ட பிழைகளை, அதாவது வழுக்களைப் பதிந்து வைக்கவும், நிரலர்கள் தமக்குள் விவாதிக்கவும், முடிந்த பதிப்புகளைப் பொதுமக்கள் பதிவிறக்கவும் வசதி வேண்டும். இவை அனைத்தையும் ஒரே முகவரியில் தரும் சேவையைத்தான் ஹோஸ்டிங் தளம் என்கிறோம். 1990களில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் கிடந்தன. சில எங்குமே இல்லை.

இணையம் வழியே கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் உதவிய எஃப்.டி.பி. சர்வர்களே அக்காலத்தின் கிடங்குகள். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் தமது நிரலைப் பின்லாந்தின் ஃபுனெட் சர்வரில்தான் ஏற்றினார். அதற்கு ‘லினக்ஸ்’ என்ற பெயரில் அடைவு ஒதுக்கியவர் அந்தச் சர்வரைக் கவனித்துவந்த அரி லெம்கே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சன்சைட், பின்னாளில் ஐபிப்ளியோ என்று பெயர் மாறி, இன்றும் இயங்குகிறது. இத்தகைய சர்வர்களில் கிடைத்தவை சுருக்கப்பட்ட கோப்புப் பொதிகள் மட்டுமே. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே என்ன நடந்தது என்பதை அறிய, இரண்டையும் இறக்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாற்றம் செய்ய விரும்புகிறவர், மாறிய வரிகளை மட்டும் தொகுத்த ‘பேட்ச்’ கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார். திட்டத்தை நடத்துகிறவர் அதைப் படித்துத் தம் கையால் சேர்த்துக்கொள்வார். லினக்ஸ் கருநிரல் போன்ற பெரும் திட்டமே 2002 வரை இப்படித்தான் நடந்தது என்பது இன்றைய மாணவருக்கு வியப்பாகவே இருக்கும்.

வரலாற்றைக் காக்கும் கருவி அப்போது இல்லாமல் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளர் 1986இல் எழுதி, பின்னர் பிரையன் பெர்லினர் விரிவாக்கிய சி.வி.எஸ். என்ற கருவி 1990களின் இறுதியில் பரவலாகப் பயன்பட்டது. அது ஒரு மைய சர்வரில் நிரலின் முழு வரலாற்றையும் வைத்திருக்கும். நிரலர்கள் தம் கணினிக்கு ஒரு நகலை மட்டும் எடுத்து வேலை செய்து, மாற்றங்களை மீண்டும் மையத்துக்கே அனுப்புவார்கள். குறைகள் ஏராளம். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதன் வரலாறு அறுந்துபோகும். பத்துக் கோப்புகளை ஒன்றாக அனுப்பும்போது நடுவில் இணைப்பு துண்டித்தால், ஐந்து ஏறியும் ஐந்து ஏறாமலும் நிற்கும். ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை, சி.வி.எஸ். நடத்துவதற்கு நாள் முழுதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினி தேவைப்பட்டதுதான். அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களுக்கு அது எளிது. தொலைபேசி வழியே டயல் செய்து இணையத்துக்குள் நுழைந்த கடலூர், புதுச்சேரி நிரலர் ஒருவர் அப்படியொரு சர்வரைத் தம் வீட்டில் வைத்திருக்கவே முடியாது.

1999 நவம்பரில் வந்த சோர்ஸ்ஃபோர்ஜ் இந்தத் தடையைத்தான் நீக்கியது. லினக்ஸ் நிறுவப்பட்ட கணினிகளை விற்றுவந்த வி.ஏ. லினக்ஸ் என்ற கலிபோர்னிய நிறுவனம் இதைத் தொடங்கியது. திட்டத்தின் நோக்கத்தை எழுதி, உரிமத்தைத் தேர்ந்து விண்ணப்பித்தால், ஊழியர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் அளிப்பார். ஒப்புதல் கிடைத்ததும் நிரலையும் அதன் வரலாற்றையும் வைக்கும் சி.வி.எஸ். களஞ்சியம், மின்னஞ்சல் குழு, வழுப் பதிவேடு, வலைப்பக்கம் வைக்க இடம், பதிப்புகளை வெளியிடும் பகுதி ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைத்தன. ‘கம்பைல் ஃபார்ம்’ என்றொரு வசதியும் இருந்தது: பல்வேறு இயங்குதளங்கள் ஓடும் கணினிகளுக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து, உங்கள் நிரல் அங்கே ஓடுகிறதா என்று சோதிக்கலாம். இன்று தானியங்கிச் சோதனை என்ற பெயரில் எல்லாத் தளங்களும் தருவதன் முன்னோடி அது, 2007இல் நிறுத்தப்பட்டது. மனிதர் ஒருவர் படித்து ஒப்புதல் அளிக்கும் முறையைப் பலர் அப்போது சலித்துக்கொண்டார்கள். என் கருத்தில் அது நல்ல ஏற்பாடு. உரிமம் என்ன என்று விண்ணப்பத்திலேயே கேட்டதால், உரிமமே எழுதாமல் நிரலை எறிந்துவிட்டுப் போகும் பழக்கம் அங்கே வளரவில்லை. இன்று கிட்ஹப்பில் உரிமக் கோப்பில்லாத களஞ்சியங்களுக்குக் கணக்கே இல்லை, அவற்றை மற்றவர் சட்டப்படி பயன்படுத்தவும் வழியில்லை.

சோர்ஸ்ஃபோர்ஜ் செய்தவற்றுள் நம் ஊருக்கு மிகவும் பயன்பட்டது அதன் ‘மிரர்’ ஏற்பாடு என்று சொல்வேன். ஒரே கோப்பின் நகலை அயர்லாந்தின் ஹீனெட், ஜப்பானின் ஜெய்ஸ்ட், தைவானின் என்.சி.எச்.சி. என்று பல நாடுகளின் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் தம் சர்வர்களில் இலவசமாக வைத்திருந்தன. பதிவிறக்கப் போகிறவருக்கு முன்னால் நாடுகளின் பட்டியல் ஒன்று விரியும். எது அருகிலிருக்கிறதோ, எது நெரிசலில்லாமல் இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். புதுச்சேரி நேரு வீதியின் பிரவுசிங் சென்டரில் அமர்ந்து பதிவிறக்கியவருக்கு இந்தத் தேர்வு காசு சம்பந்தப்பட்டது. டயல்-அப் இணைப்பில் நொடிக்கு 4 கிலோபைட் வந்தாலே நல்ல வேகம். அந்தக் கணக்கில் 20 மெகாபைட் கோப்பு ஒன்று இறங்க ஏறத்தாழ 85 நிமிடம் ஆகும். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் இடத்தில் நெரிசலான சர்வரைத் தேர்ந்துவிட்டால் பணமும் போய், கோப்பும் பாதியில் நின்றுவிடும். 7-ஜிப், ஃபைல்ஜில்லா, ஆடாசிட்டி முதலிய மென்பொருள்கள் இத்தகைய ஊர்களுக்கு வந்துசேர்ந்த பாதைகளில் இது முக்கியமானது. நிரல் எழுதாதவர்களுக்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பெயர் தெரிந்திருந்ததற்கு இதுவே காரணம்.

இனி, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். தஞ்சை மராட்டியர் ராமேசுவரப் பாதையில் கட்டிய சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்கு உணவும் தங்குமிடமும் இலவசம். அவற்றுக்கு எழுதி வைக்கப்பட்டிருந்த நிலங்களின் வருவாயே அந்தச் செலவைத் தாங்கியது. நிலம் கைமாறினால் சத்திரத்தின் நிலையும் மாறும். சோர்ஸ்ஃபோர்ஜுக்கு அப்படி வருவாய் தந்த நிலம் வி.ஏ. லினக்ஸின் கணினி விற்பனையும் பங்குச்சந்தையில் அதற்கிருந்த மதிப்பும்தான். 1999 டிசம்பர் 9 அன்று அந்நிறுவனத்தின் பங்கு 30 டாலருக்கு வெளியிடப்பட்டு, அன்று மாலையே 239.25 டாலரில் முடிந்தது. ஏறத்தாழ எட்டு மடங்கு. இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்ததும் அந்த மதிப்பு கரைந்தது. 2001இல் நிறுவனம் கணினி விற்பனையையே கைவிட்டது. கையில் எஞ்சியவற்றுள் முக்கியமானவை சோர்ஸ்ஃபோர்ஜ் உள்ளிட்ட இணையத் தளங்களும், சோர்ஸ்ஃபோர்ஜை இயக்கிய மென்பொருளும்தான். அந்த மென்பொருளை அதுவரை கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவந்த நிறுவனம், இனிப் புதிய பதிப்புகளை மூடி, பெருநிறுவனங்களுக்கு விற்கப்போவதாக முடிவெடுத்தது. திறமூலத் திட்டங்களுக்கு இடமளித்த தளம், தன் சொந்த நிரலைத் திறந்து வைக்க மறுத்தது.

உரிமம் என்பதன் வலிமை எத்தகையது என்பதை இந்த இடத்தில் தெளிவாகக் காணலாம். ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் ஏற்கெனவே வெளியான பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. சோர்ஸ்ஃபோர்ஜ் நிரலை எழுதியவர்களுள் ஒருவரான டிம் பெர்டியூ, கடைசியாகத் திறந்திருந்த பதிப்பை எடுத்து ஜிஃபோர்ஜ் என்ற பெயரில் வளர்த்தார். ரூபி என்ற நிரல்மொழியினரின் ரூபிஃபோர்ஜ், லினக்ஸ் வெளியீடான டெபியன் திட்டத்தின் அலியோத் ஆகியவை அதன் மேல் எழுந்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சவன்னா தளமும் அதே பழைய நிரலிலிருந்து பிறந்ததே. சவன்னாவின் விதிகள் கண்டிப்பானவை: தன்னார்வலர்கள் ஒவ்வொரு கோப்பிலும் உரிமக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே திட்டத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். 2003 இறுதியில் அதன் சர்வருக்குள் அந்நியர் ஊடுருவியது கண்டறியப்பட்டு, தளம் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் இன்றுவரை அது விளம்பரமில்லாமல் இயங்குகிறது. லினக்ஸ் கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர்கள் பலர், தம்மை அறியாமலே சவன்னாவுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். தமிழ்99 உள்ளிட்ட பல விசைப்பலகைகளை லினக்ஸுக்குத் தரும் எம்17என் என்ற நிரல் தொகுப்பின் இருப்பிடம் அதுவே.

தளம் மாறும்போது எது எளிதாக நகரும், எது நகராது என்பதை விளங்கிக்கொள்ளப் பைத்தான் மொழியின் பயணத்தைப் பார்ப்பது நல்லது. கல்லூரிப் பாடத்தில் அதைப் படிக்காதவர் இப்போது குறைவு. பைத்தான் 2000இல் தன் நிரலையும் வழுப் பதிவேட்டையும் சோர்ஸ்ஃபோர்ஜுக்குக் கொண்டுபோனது. 2005இல் நிரல் மட்டும் சப்வெர்ஷன் என்ற புதிய கருவிக்கு மாறி, பைத்தானின் சொந்தச் சர்வருக்கு வந்தது. வழுப் பதிவேடு சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து வெளியேற 2007 வரை ஆனது. நிரல் 2011இல் மெர்க்குரியல் என்ற கருவிக்கும், 2017இல் கிட்ஹப்புக்கும் போனது. வழுப் பதிவேடு கிட்ஹப்பை அடைந்தது 2022இல்தான். ஒவ்வொரு முறையும் நிரல் முன்னால் செல்ல, வழுக்கள் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியதைக் கவனியுங்கள். நிரலின் வரலாற்றுக்குத் திட்டவட்டமான வடிவம் உண்டு. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வழிகள் பலரும் அறிந்தவை. வழுப் பதிவேட்டுக்கு அப்படிப் பொது வடிவம் இல்லை. ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி அட்டவணைகளை வடிவமைத்திருக்கும். பதிந்தவரின் பெயர், இணைத்த கோப்புகள், பதில்கள், வழு எண் ஆகிய அனைத்தும் அந்தத் தளத்தின் கணக்குகளோடு பின்னிக் கிடக்கும். சோர்ஸ்ஃபோர்ஜில் பெற்ற வழு எண் அடுத்த தளத்தில் காக்கப்பட்டது. கிட்ஹப்புக்கு வந்தபோது எண்கள் மாறிவிட்டன. ஆகவே பைத்தானின் பழைய மாற்றக் குறிப்புகளில் காணும் எண் ஒன்றை அப்படியே கிட்ஹப்பில் தேடினால் வேறொரு வழு வந்து நிற்கக்கூடும்.

பைத்தானுக்கு இதையெல்லாம் செய்யத் தன்னார்வலர்கள் இருந்தார்கள். ஒருவரோ இருவரோ நடத்தும் சிறு திட்டங்களுக்கு அந்த வசதி இல்லை.

2006 ஜூலையில் கூகுள் தன் திட்ட ஹோஸ்டிங் சேவையைத் தொடங்கியது. சுருக்கமாக அது கூகுள் கோட் எனப்பட்டது. விண்ணப்பத்துக்கு யாரும் ஒப்புதல் அளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கங்கள் விளம்பரமில்லாமல் சுத்தமாக இருந்தன. சோர்ஸ்ஃபோர்ஜின் நெரிசலான பக்கங்களில் சலித்தவர்கள் அங்கே குடியேறினார்கள். பெரிய நிறுவனம் நடத்துவதால் நிலைத்திருக்கும் என்று பலர் நம்பியது இயல்பே.

ஆனால் இவற்றின் அடித்தளத்தையே மாற்றப்போகும் கருவி அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. லினக்ஸ் கருநிரலுக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டதால், டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். சி.வி.எஸ்., சப்வெர்ஷன் ஆகியவற்றில் முழு வரலாறு மைய சர்வரில் மட்டுமே இருக்கும். கிட் கருவியில் நகலெடுக்கும் ஒவ்வொருவரின் கணினிக்கும் முழு வரலாறும் வந்துவிடும். ஒருவர் இணையமே இல்லாமல் பழைய மாற்றங்களைப் படிக்கலாம், புதியவற்றைப் பதியலாம். இணைப்பு கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். சர்வர் அழிந்துபோனாலும், நகல் வைத்திருக்கும் எவரிடமிருந்தும் களஞ்சியத்தை மீட்டுவிடலாம். கிட்ஹப் இக்கருவியின் மேல் கட்டப்பட்டதே. அது செய்த இன்னொரு மாற்றம் கவனிக்கத்தக்கது: சோர்ஸ்ஃபோர்ஜில் முகவரி திட்டத்தின் பெயரில் இருந்தது, கிட்ஹப்பில் அது ஆளின் பெயரில் தொடங்கியது. திட்டத்தை நடத்துகிறவரிடம் அனுமதி கேட்காமலே அதை ‘ஃபோர்க்’ செய்து, அதாவது நகலெடுத்துத் தம் பெயரின்கீழ் வைத்து மாற்றி, மாற்றத்தை ஏற்கும்படி பிறகு கேட்கலாம். அறிமுகமில்லாத மாணவரும் பங்களிக்க முடிந்ததற்கு இந்த வசதி பெரிதும் காரணம்.

பழைய தளங்கள் வரிசையாகச் சரிந்தன. சோர்ஸ்ஃபோர்ஜ் 2012இல் டைஸ் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டு, திட்டங்களின் நிறுவு கோப்புகளோடு வேறு வணிக மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்து வருவாயைப் பகிரும் ஏற்பாடு வந்தது. படத்திருத்தி மென்பொருளான கிம்ப் அதை எதிர்த்து 2013 நவம்பரில் வெளியேறியது. 2015இல், விண்டோஸுக்கான கிம்ப்பின் கைவிடப்பட்ட பக்கத்தைத் தளமே எடுத்துக்கொண்டு, விளம்பர மென்பொருள் கலந்த நிறுவு கோப்பை வழங்கியது வெளிப்பட்டதும், பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நம்பிக்கை உடைந்துபோனது. 2016 ஜனவரியில் வந்த புதிய உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டை உடனே நிறுத்தினார்கள். தளம் இன்றும் இருக்கிறது, ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. இதனிடையே ஜெர்மனியின் பெர்லியோஸும் ரூபிஃபோர்ஜும் 2014இல் மூடப்பட்டன. கிட்டோரியஸ் 2015இல் மறைந்தது. நிலைத்திருக்கும் என்று நம்பப்பட்ட கூகுள் கோட் 2015 மார்ச்சில் முடிவை அறிவித்து, 2016 ஜனவரியில் கதவை அடைத்தது. மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸும், லோகித் தமிழ் எழுத்துருவுக்கு இடமளித்த ஃபெடோரா ஹோஸ்டடும் 2017இல் முடிந்தன, அலியோத் 2018இல். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்குக் கிட்ஹப்பை வாங்கியது.

இவற்றில் தொலைந்தது எது? பெரும்பாலும் நிரல் இல்லை. உரிமம் நகலெடுக்க அனுமதித்ததால் எவராவது ஒருவர் நகல் வைத்திருந்தார். பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் 2016இல் அறிவித்த சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்ற காப்பகம், கூகுள் கோட், கிட்டோரியஸ் தளங்களின் களஞ்சியங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. தொலைந்தவை பெரும்பாலும் பேச்சுகளே. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்தப் பயனரின் புகாரால் ஒரு வசதி கைவிடப்பட்டது, யார் யாரோடு எதற்கு முரண்பட்டார் என்பவை வழுப் பதிவேடுகளிலும் மின்னஞ்சல் குழுக்களிலும் இருந்தன. அவற்றைப் பொறுப்பேற்று நகர்த்த ஆளில்லாத சிறு திட்டங்களில், நிரல் பிழைத்து அதன் காரணங்கள் அழிந்தன. பழைய நிரலைப் பராமரிக்க நேர்ந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

கிட்ஹப்பில் திட்டம் வைத்திருப்பவருக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நிரலின் வரலாறு உங்கள் மடிக்கணினியிலேயே இருப்பதால் அதைப் பற்றிக் கவலை குறைவு. விக்கிப் பக்கங்கள் தனிக் கிட் களஞ்சியமாகவே இருப்பதால் அவற்றையும் அதே கட்டளையால் நகலெடுக்கலாம். வழு விவாதங்களும் மாற்றக் கோரிக்கைகளின் கீழுள்ள உரையாடல்களும் அப்படி வருவதில்லை. அவை தளத்தின் தரவுத்தளத்தில் இருப்பதால், வேறு நிரல்கள் தரவைக் கேட்டுப் பெற உதவும் அதன் ஏ.பி.ஐ. வழியாகத் தனியே எடுக்க வேண்டும். கிட்லேப், ஃபோர்ஜெயோ ஆகிய மென்பொருள்களில் இதற்கான இறக்குமதி வசதி உண்டு. ஃபோர்ஜெயோவை எவரும் தம் சர்வரில் நிறுவலாம். பெர்லினில் பதிவுபெற்ற ஒரு சங்கம் நடத்தும் கோட்பெர்க் தளம் அதில்தான் இயங்குகிறது. வார இறுதியில் கூடும் நம் ஊர்க் கட்டற்ற மென்பொருள் குழுக்கள், புதிதாக வருபவருக்குக் கிட் கட்டளைகளைக் கற்பிக்கும் அதே அமர்வில் இந்த இறக்குமதியையும் ஒருமுறை செய்துகாட்டலாம். ஒரு சிறு திட்டத்துக்கு அதிக நேரம் பிடிக்காது.